லாடெக் ஆய்வேடுகளில் அச்சுக்கோப்புப் பிழைகளை உரைத்தொகுப்பியினுள்ளேயே கண்டறிதலும் களைதலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் ஆய்வேடுகளையும் செம்பதிப்புகளையும் லாடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் வழி உருவாக்கும் வழக்கம் ஆய்வாளரிடையே வளர்ந்து வருகிறது. அம்மென்பொருள் தரும் பிழையறிவிப்புகளைப் படித்துப் பொருள்கொள்ள இயலாமையும், அது அறிவிக்காத பிழைகளைத் தேடாமையும் பதிப்பின் நம்பகத்தன்மையைக் குறைக்கின்றன. பதிவுக்கோப்பின் அமைப்பு, உரைத்தொகுப்பி அதனை வாசிக்கும் முறை, பிழை அறிவிக்கப்படும் இடத்திற்கும் பிழை பிறந்த இடத்திற்கும் உள்ள இடைவெளி, அறிவிப்பின்றி மறையும் எழுத்துகள், தமிழ் ஒருங்குறிக்கே உரிய வழுக்கள் ஆகியவற்றை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது. பிழைகளைத் தொகுப்பியை விட்டு வெளியேறாமலேயே களைவதற்கான ஒழுங்குமுறை ஒன்றும் முன்வைக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: லாடெக், சீடெக், உரைத்தொகுப்பி, பதிவுக்கோப்பு, ஒருங்குறி, சுருங்குறித்தொடர், செம்பதிப்பு.

1. முன்னுரை

அச்சு நூல்களின் இறுதியில் பிழைதிருத்தப் பட்டியல் இணைப்பது நம் பதிப்பாசிரியர்களின் நெடுநாள் வழக்கம். ஈய எழுத்துகளைக் கோத்தவர் செய்த பிழையை மெய்ப்புத் திருத்துநர் கண்டார். அவர் கண்ணுக்கும் தப்பியதைப் பதிப்பாசிரியர் பட்டியலிட்டார். இன்று ஆய்வாளரே எழுதுநராகவும் அச்சுக்கோப்பவராகவும் மெய்ப்புத் திருத்துநராகவும் இருக்கிறார். ஆதலின், முன்னர் மூவர் பகிர்ந்துகொண்ட பொறுப்பு ஒருவர்மேல் வந்து சேர்ந்துள்ளது.

தொனால்டு குனூத் 1978இல் வெளியிட்ட டெக் என்னும் நிரலும், அதன்மேல் லெசுலி லாம்போர்ட்டு 1980களில் கட்டமைத்த லாடெக்கும், சோனதன் கியூ 2004இல் அளித்த சீடெக்கும் தமிழ் ஆய்வாளருக்குப் பயன்படும் கருவிகளாக அமைந்துள்ளன. சீடெக் ஒருங்குறி உரையையும் கணினியில் நிறுவப்பட்ட எழுத்துருக்களையும் நேரடியாக ஏற்பதால் தமிழுக்கு மிகவும் ஏற்றது. அடிக்குறிப்பு, பாடவேறுபாடு, நூற்பட்டியல், சொல்லடைவு ஆகியன மிகுந்த ஆய்வேடுகளுக்கு இக்கருவிகளின் துணை பெரிது. குனூத் தம் நிரலில் நேர்ந்த பிழைகளையெல்லாம் நாள்தோறும் குறித்து வைத்து, அவற்றை வகைப்படுத்தி 1989இல் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார் என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது. பிழையை மறைக்காமல் பதிவு செய்வது அக்கருவியின் இயல்பிலேயே உள்ளது. அப்பதிவைப் படிக்கக் கற்றல் பயனாளரின் கடமை.

இக்கட்டுரையில் கட்டளைகளும் அறிவிப்புகளும் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்தோ பொருள் தந்தோ குறிக்கப்படுகின்றன. குறியேற்ற எண்கள் பதின்ம முறையில் தரப்படுகின்றன.

2. டெக் பிழையை அறிவிக்கும் முறை

லாடெக் மூலக்கோப்பு ஒவ்வொரு முறை ஓட்டப்படும்போதும் அதன் பெயரிலேயே, 'லாக்' என்னும் பின்னொட்டுடன் ஒரு பதிவுக்கோப்பு உருவாகிறது. அதில் மூவகைச் செய்திகள் இடம்பெறுகின்றன.

முதலாவது பிழை. இது வரியின் தொடக்கத்தில் வியப்புக்குறியுடன் (!) அறிவிக்கப்படும். அதனைத் தொடர்ந்து வரும் வரியொன்றில், 'எல்' என்னும் உரோம எழுத்தும் புள்ளியும் வரி எண்ணும் காணப்படும். அவ்விடத்தில் மூலத்தின் வரி இரண்டாக உடைத்துக் காட்டப்படும். டெக் படித்து முடித்த பகுதி மேல்வரியிலும், இன்னும் படிக்காத பகுதி கீழ்வரியில் தள்ளியும் அமையும். உடைவு நேர்ந்த இடமே டெக் தடுமாறிய இடம். எடுத்துக்காட்டாக, 'அன்டிஃபைன்டு கன்ட்ரோல் சீக்வென்ஸ்' (வரையறுக்கப்படாத கட்டளை) என்னும் அறிவிப்பில், மேல்வரியின் இறுதிச் சொல்லே தவறாக எழுதப்பட்ட கட்டளை.

இரண்டாவது எச்சரிக்கை. மேற்கோள் குறியின் எண் இன்னும் அறியப்படவில்லை, ஒரே பெயர்க்குறி இருமுறை வந்துள்ளது என்பன போன்றவை இவ்வகையின. இவை ஓட்டத்தை நிறுத்துவதில்லை.

மூன்றாவது பெட்டிச் செய்தி. ஒரு வரி பக்க அகலத்தைக் கடந்து நீண்டது, அல்லது சொற்களுக்கிடையே வெற்றிடம் மிகுந்தது என்பதை இது தெரிவிக்கும். எத்தனை பாயின்ட் மிகுந்தது என்பதும், பத்தி எந்த வரி முதல் எந்த வரி வரை உள்ளது என்பதும் அதில் இருக்கும்.

இம்மூன்றையும் வேறுபடுத்தி அறியாதவர், நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட பதிவுக்கோப்பைக் கண்டு மலைத்து அதனைத் திறப்பதையே விட்டுவிடுகின்றனர். பக்கம் உருவாகிவிட்டதா என்பதை மட்டும் பார்த்து அமைகின்றனர். உண்மையில் பக்கம் உருவாதல் பிழையின்மைக்குச் சான்றன்று.

3. உரைத்தொகுப்பி பதிவுக்கோப்பை வாசிக்கும் முறை

ஈமேக்ஸ், விம், டெக்சுடூடியோ, டெக்வொர்க்ஸ் முதலிய தொகுப்பிகள் பதிவுக்கோப்பைப் பயனாளருக்காக வாசித்து, பிழை நேர்ந்த வரியில் இடங்காட்டியை நிறுத்தும் வசதியுடையன. ஈமேக்சில் இதனைச் செய்வது ஆக்டெக் என்னும் துணைநிரல். தென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழக மையத்தில் உருவானதால் அப்பெயர் பெற்றது. கன்ட்ரோல் விசையுடன் 'சி' விசையை இருமுறை அழுத்தினால் ஆவணம் ஓட்டப்படும். பின்னர், கன்ட்ரோல்–சி அழுத்தி, அதனையடுத்து மேற்கோள் சாய்குறியை (`) அழுத்தினால் முதற்பிழையின் இடத்திற்கு இடங்காட்டி செல்லும். மீண்டும் அழுத்தினால் அடுத்த பிழைக்குச் செல்லும். விம் தொகுப்பியில் 'குவிக்ஃபிக்ஸ்' என்னும் பட்டியல் இதே பணியைச் செய்கிறது. 'சிநெக்ஸ்ட்' கட்டளை அடுத்த பிழைக்கும், 'சிஓபன்' கட்டளை முழுப் பட்டியலுக்கும் உரியன.

இவ்வசதி சில வேளைகளில் தவறான கோப்பையோ வரியையோ காட்டுவதுண்டு. அதன் காரணத்தை அறிந்தால் திகைப்பு நீங்கும். டெக் ஒரு கோப்பைத் திறக்கும்போது பதிவில் இடப்பிறை அடைப்பையும், மூடும்போது வலப்பிறை அடைப்பையும் இடுகிறது. தொகுப்பி இவ்வடைப்புகளை எண்ணியே தற்போது எந்த இயலின் கோப்பு வாசிக்கப்படுகிறது என்று ஊகிக்கிறது. பெட்டிச் செய்தியில் ஆய்வேட்டின் வரி ஒன்று இடம்பெற்று, அவ்வரியில் இணையற்ற அடைப்பு ஒன்று இருந்தால் இக்கணக்குப் பிறழும். மேலும், பதிவின் வரிகள் இயல்பாக 79 எழுத்தளவில் முறிக்கப்படுகின்றன. நீண்ட கோப்புப்பெயர் இரண்டாக முறிந்தால் தொகுப்பியால் அதனை இனங்காண இயலாது.

இவற்றுக்குத் தீர்வுகள் மூன்று. ஒன்று, 'ஃபைல்–லைன்–எரர்' என்னும் விருப்பத்துடன் ஆவணத்தை ஓட்டுதல். அப்போது ஒவ்வொரு பிழையும் கோப்பின் பெயர், வரி எண், செய்தி என்ற வரிசையில் ஒரே வரியில் அமையும். இரண்டு, வரிமுறிவின் எல்லையைக் குறிக்கும் 'மேக்ஸ் பிரின்ட் லைன்' என்னும் மாறியின் மதிப்பை 1000 போன்ற பெரிய எண்ணாக உயர்த்துதல். மூன்று, கோப்புகளுக்கு இடைவெளியற்ற சிறிய பெயர்களைச் சூட்டுதல்.

ஓட்டும் முறையும் கருதத்தக்கது. இயல்பான முறையில் டெக் ஒவ்வொரு பிழையிலும் நின்று பயனாளரின் விடைக்காகக் காத்திருக்கும். தொகுப்பியினுள் ஓட்டும்போது 'நான்ஸ்டாப்' முறையைத் தேர்ந்தால் பிழைகள் அனைத்தும் ஒருசேரப் பட்டியலிடப்படும். ஆயினும், பட்டியலின் முதற்பிழையைத் திருத்தியவுடன் மீண்டும் ஓட்டுவதே நன்று. பின்வரும் பல பிழைகள் முதற்பிழையின் விளைவுகளாகவே இருக்கும்.

4. அறிவிக்கப்பட்ட இடமும் பிழை பிறந்த இடமும்

வரி எண் எப்போதும் பிழையின் பிறப்பிடத்தைக் குறிப்பதில்லை; டெக் பிழையை உணர்ந்த இடத்தையே குறிக்கிறது. இவ்வேறுபாட்டை அறியாமையே திருத்தத்தில் நேரும் காலவிரயத்திற்குப் பெருங்காரணம்.

ஆய்வேட்டின் மூன்றாம் இயலில், 212ஆம் வரியில், தடித்த எழுத்துக்கான கட்டளையின் நெளிவடைப்பு மூடப்படாமல் விடப்பட்டது எனக் கொள்வோம். அக்கட்டளை தன் பேறுரையில் பத்தி முறிவை ஏற்பதில்லை. ஆதலின் பத்தி முடியும் வெற்றுவரியில், சான்றாக 219ஆம் வரியில், 'பத்தி முடிந்தது, கட்டளை முற்றுப்பெறவில்லை' என்று டெக் முறையிடும். தொகுப்பி 219ஆம் வரியைக் காட்டும். அங்கு எப்பிழையும் இராது.

அதே அடைப்பு அடிக்குறிப்புக் கட்டளையில் விடப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் கடினம். அடிக்குறிப்பு பல பத்திகளை ஏற்கும் தன்மையது. ஆகவே டெக், மூடும் அடைப்பைத் தேடி இயல் முழுவதையும் விழுங்கிக்கொண்டே செல்லும். இறுதியில் 'கோப்பு முடிந்துவிட்டது' என்று அறிவிக்கும். எழுதிய ஓரியல் முழுதும் அச்சில் காணாமற்போவதற்கு ஓர் அடைப்புக்குறியே காரணமாகிறது.

இவ்விரு சூழலிலும் உதவுவது, அறிவிப்பிற்கு முன் வரும் 'ரன்அவே ஆர்கியுமென்ட்' என்னும் தலைப்பிட்ட வரி. அதன்கீழ், மூடப்படாத அடைப்புக்குள் முதலில் அமைந்த சொற்கள் அச்சாகும். வரி எண் பிழையின் முடிவையும், இச்சொற்கள் பிழையின் தொடக்கத்தையும் காட்டுகின்றன எனக் கொள்ளலாம். அச்சொற்களைப் படியெடுத்துத் தொகுப்பியில் தேடினால் பிறப்பிடம் உடனே கிட்டும். அதன்பின் இணை அடைப்பைச் சரிபார்க்க, விம் தொகுப்பியில் விழுக்காட்டுக்குறி விசை போதும். இடங்காட்டி ஓர் அடைப்பின்மேல் நிற்கும்போது அதனை அழுத்தினால் இணையடைப்பிற்குத் தாவும். ஈமேக்சு இணையடைப்பை ஒளிர்த்துக் காட்டும்.

சூழல்கள் மாறி மூடப்படும்போது லாடெக் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. எந்த வரியில் தொடங்கிய எந்தச் சூழல், எந்தச் சூழலின் முடிவால் மூடப்பட்டது என்பதை ஒரே அறிவிப்பில் தருகிறது. இங்கு இரு முனைகளும் நம் கைவசம் உள்ளன.

திருத்திய பின்னரும் பழைய பிழையே தொடர்வதுண்டு. இயல் தலைப்பில் நேர்ந்த பிழை, முந்தைய ஓட்டத்தில் துணைக்கோப்புகளில் எழுதப்பட்டுவிட்டமையே இதற்குக் காரணம். பொருளடக்கத்தையும் மேற்கோள் எண்களையும் தாங்கும் அத்துணைக்கோப்புகளை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டினால் இப்பிழை அகலும்.

5. அறிவிப்பின்றி மறையும் எழுத்துகள்

டெக் உரத்துச் சொல்லும் பிழைகளைவிட, சொல்லாமல் விடும் இழப்புகளே பதிப்புக்குப் பெருந்தீங்கு செய்வன. அவற்றுள் இரண்டு தமிழ் ஆய்வேடுகளில் அடிக்கடி நேர்கின்றன.

முதலாவது, எழுத்துரு இல்லாமையால் நேரும் இழப்பு. உடற்பகுதிக்குத் தமிழ் எழுத்துருவை அமைத்த ஆய்வாளர், சாய்வெழுத்திற்கோ தட்டச்சுவகை எழுத்திற்கோ அதனை அமைக்க மறந்திருக்கலாம். அப்பகுதியில் தமிழ்ச்சொல் வந்தால் உரோம எழுத்துருவில் அவ்வெழுத்து இல்லை. டெக் அதனை அச்சிடாமல் விட்டுவிட்டு, 'மிஸ்ஸிங் கேரக்டர்' என்னும் ஒரு வரியைப் பதிவுக்கோப்பில் எழுதி மேற்செல்லும். அவ்வரி வியப்புக்குறியுடன் தொடங்குவதில்லை. அதில் வரி எண்ணும் இல்லை. எனவே தொகுப்பியின் பிழைப்பட்டியலில் அது இடம்பெறாமற் போகலாம். அச்சில் அவ்விடம் வெறுமையாகும். பாடவேறுபாட்டுப் பட்டியலில் இவ்வாறு நேர்ந்தால், சுவடியில் உள்ள ஒரு பாடம் இல்லாததாகிவிடும். படிப்பவர் அதனைச் சுவடியின் சிதைவு என்றே கருதுவர்.

இதற்கு உரிய தீர்வு எளிது. ஆவணத்தின் முகப்பில் 'டிரேசிங் லாஸ்ட் கேரக்டர்ஸ்' என்னும் அளவுருவிற்கு 3 என்னும் மதிப்பை அளித்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டின் டெக்லைவ் தொகுப்பு முதற்கொண்டு, இம்மதிப்பு இருக்குமாயின் எழுத்திழப்பு பிழையாகவே அறிவிக்கப்படுகிறது. பிழையானவுடன் வரி எண் சேர்கிறது. தொகுப்பி இடங்காட்டியை ஏறத்தாழ அவ்விடத்தில் நிறுத்துகிறது.

இரண்டாவது, விழுக்காட்டுக்குறியால் நேரும் இழப்பு. லாடெக்கில் இக்குறிக்குப் பின் வரும் யாவும் குறிப்புரையாகக் கொள்ளப்பட்டு, அவ்வரியின் எஞ்சிய பகுதி புறக்கணிக்கப்படும். கள ஆய்வு முடிவுகளை எழுதுபவர் '35% மாணவர் இவ்வழக்கை அறியார்' என்று எழுதினால் '35' என்பதோடு வரி நின்றுவிடும். இதற்குப் பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பதிவுக்கோப்பில் தடயமே இராது. குறிக்கு முன் பின்சாய்கோடு இடுவதே முறை. தொகுப்பியில் [0-9]% என்னும் சுருங்குறித்தொடரைத் தேடினால், பின்சாய்கோடு இடப்படாதவை மட்டும் அகப்படும். இடப்பட்டவற்றில் எண்ணுக்கும் குறிக்கும் நடுவே சாய்கோடு நிற்பதால் அவை பொருந்துவதில்லை.

6. தமிழ் ஒருங்குறிக்குரிய வழுக்கள்

டெக் அறியவே இயலாத பிழைகள் இவ்வகையின. எழுத்துகள் அச்சாகின்றன; கண்ணுக்குச் சரியாகவே தோன்றுகின்றன; ஆயினும் தேடலிலும் அகரநிரலிலும் சொல்லடைவிலும் பிழைபடுகின்றன. பழைய குறியேற்றங்களிலிருந்து மாற்றப்பட்ட உரைகளிலும், ஒளிவழி எழுத்துணரி கொண்டு பெற்ற உரைகளிலும் இவை மிகுதி.

6.1 ஔகாரக் குழப்பம். 'கௌதமன்' என்பதில் உள்ள ஔகாரக் குறி தனியெழுத்து (3020). அதனைக் கொம்பும் (3014) ளகரமும் (2995) கொண்டு 'கெளதமன்' என எழுதினால் பல எழுத்துருக்களில் வேறுபாடு புலப்படாது. 'ஔவை' என்பதும் 'ஒளவை' என்பதும் அத்தகையவே. சொல்லடைவில் இவை இருவேறு இடங்களில் நிற்கும். எல்லா 'ெள' வரிசையும் பிழையன்று; 'வெள்ளம்', 'தெளிவு' முதலியன உண்டு. பிழையானவற்றில் ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே [ெஒ]ள[^ா-்] என்னும் தொடரால் தேடினால் ஐயத்திற்குரியவை மட்டும் எஞ்சும்.

6.2 காலும் ரகரமும். துணைக்கால் (3006), ரகரம் (2992) ஆகிய இரண்டும் வடிவில் நெருங்கியவை. 'பொருள்' என்பது 'பெரருள்' எனப் பதிவாதல் எழுத்துணரியின் வழக்கமான பிழை. ெர[^ா-்] என்னும் தொடர் இவ்வகையிற் பலவற்றைக் காட்டும். 'பெரிய', 'தெரு' போன்ற சொற்களைக் காட்டாது. நெடிலாகிய ஏகாரக் கொம்பிற்கு இம்முறை பொருந்தாது. 'சேரன்', 'நேரம்', 'பேரன்' என முறையான சொற்களே பல வருவதால் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

6.3 பிரிந்த குறிகள். ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் (3018) எழுதலாம். கொம்பும் காலுமாக (3014, 3006) இரண்டெழுத்தாகவும் எழுதலாம். ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் நிகரானவையாகவே கொள்கிறது. ஆயினும் நிகர்மையைக் கருதாத தேடற்கருவிக்கு அவை வேறானவை. இவற்றை ஒருமைப்படுத்துவதற்கு இயல்பாக்கம் என்று பெயர். ஈமேக்சில் இதற்கெனக் கட்டளை உண்டு. சீடெக்கிலும் உள்ளீட்டை இயல்பாக்கும் அளவுரு உண்டு. ஆனால் அது அச்சுப்படியை மட்டுமே சீராக்கும், மூலக்கோப்பைத் திருத்தாது. மூலமே நெடுங்காலம் நிலைப்பது ஆதலின் அதனைத் திருத்துவதே முறை.

6.4 இடம் பெயர்ந்த குறிகள். பழைய எழுத்துருக் குறியேற்றங்கள் சில, கொம்பை மெய்க்கு முன் வைத்தன. ஒருங்குறியில் மெய்க்குப் பின்னரே கொம்பு வரும். மாற்றத்தில் வரிசை பிறழ்ந்தால் கொம்பு தனித்து நிற்கும். அச்சில் புள்ளிவட்டத்துடன் அது தோன்றக்கூடும். எழுத்தை வடிவமைக்கும் நிலையில் நிகழ்வதால் டெக் இதனைப் பிழையென்று அறியாது. உயிரெழுத்தை அடுத்துக் குறி வருவதைக் காண [அ-ஔ][ா-்] என்பதும், குறியை அடுத்துக் குறி வருவதைக் காண [ா-்][ா-்] என்பதும் உதவும். கொம்புகள் எங்கும் முறைமாறித் தோன்றினால், மூலத்தைத் திருத்த முற்படும் முன், எழுத்துரு அமைப்பில் தமிழ் வரிவடிவம் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். அங்குப் பிழை உரையில் இல்லை, அமைப்பில் உள்ளது.

6.5 எண்ணும் எழுத்தும். தமிழ் எண் ௭ (3053) எகரத்தின் (2958) இடத்திலும், ௧ (3047) ககரத்தின் (2965) இடத்திலும் வந்துவிடுவதுண்டு. [௦-௯] என்று தேடிப் பார்த்து, பாடல் எண்ணாக வந்தவற்றை விடுத்து, சொல்லினுள் வந்தவற்றைத் திருத்தலாம்.

6.6 காணா எழுத்துகள். இணையப் பக்கங்களிலிருந்து படியெடுத்த உரையில் அகலமில்லா இடைவெளி (8203), அகலமில்லா பிரிப்பி (8204), அகலமில்லா இணைப்பி (8205) ஆகியன ஒளிந்திருக்கும். கட்டளைப் பெயரை அடுத்து இவை நின்றால் காரணம் புரியாத பிழைகள் தோன்றும். ஐயமுள்ள இடத்தில் இடங்காட்டியை நிறுத்தி, ஈமேக்சில் கன்ட்ரோல்–யு, கன்ட்ரோல்–எக்ஸ், சமக்குறி என்ற வரிசையில் அழுத்தினாலும், விம்மில் 'ஜிஏ' என அழுத்தினாலும் அவ்விடத்து எழுத்தின் எண் தெரியவரும்.

மேற்கண்ட தேடல்கள் எதிலும் அனைத்தையும் ஒருசேர மாற்றும் கட்டளையைப் பயன்படுத்துதல் கூடாது. உயிரை அடுத்த புள்ளி பிழை என்பது இற்றைநாள் எழுத்துமுறைக்கே பொருந்தும். எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெற்ற பழைய எழுத்துமுறையை ஆராயும் கட்டுரையில் 'எ்' என்பதே உரிய வடிவம். அவ்வாறே, 'க்ஷ' என்னும் கூட்டெழுத்தைப் பிரித்துக் காட்ட அகலமில்லா பிரிப்பியை வேண்டுமென்றே இட்டிருக்கலாம். கருவி ஐயத்தை எழுப்பலாம், முடிவு ஆய்வாளருடையது.

7. வரி மிகுதலும் சொற்பிளவும்

புணர்ச்சியாலும் ஒட்டுகளாலும் நீண்ட தமிழ்ச் சொற்கள் வரியிறுதியில் அடங்காமல் ஓரத்தைத் தாண்டி நிற்பது பொதுவாகக் காணப்படுவது. பதிவில் இது 'ஓவர்ஃபுல்' செய்தியாக வரும். ஆக்டெக் இச்செய்திகளை இயல்பாகத் தாண்டிச் செல்லும். கன்ட்ரோல்–சி, கன்ட்ரோல்–டபிள்யூ அழுத்தினால் இவையும் பிழைகளோடு சேர்த்துக் காட்டப்படும். 72.27 பாயின்ட் ஓர் அங்குலம். ஓரிரு பாயின்ட் மிகுவதைக் கண் உணர்வது அரிது. பத்துக்கு மேற்பட்டவற்றைத் திருத்துதல் வேண்டும்.

முதலில், ஆவணத்தின் மொழி தமிழ் என 'பாலிகிளாசியா' போன்ற தொகுப்பின் வழி அறிவிக்கப்பட்டுள்ளதா எனக் காண்க. அறிவித்தாலன்றித் தமிழுக்குரிய சொற்பிளவு விதிகள் செயற்படா. அதன் பின்னும் மிகுந்தால், 'எமர்ஜென்சி ஸ்டிரெட்ச்' என்னும் அளவுருவால் சொல்லிடைவெளிக்குக் கூடுதல் நெகிழ்ச்சி அளிக்கலாம். கையால் பிளவுக்குறி இடும்போது, மெய்க்கும் அதன் உயிர்க்குறிக்கும் நடுவே இடுதல் கூடாது. புள்ளியெழுத்து அடுத்த வரியின் முதலாதலும் தமிழ் அச்சு மரபன்று.

8. அச்சுப் பக்கத்திலிருந்து மூலத்திற்கு

எத்துணைத் தேடினாலும் சில பிழைகளை அச்சுப் பக்கத்தைப் படித்தே காண இயலும். பக்கத்தில் கண்ட பிழையின் இடத்தை மூலத்தில் தேடுவதற்கு சிங்க்டெக் என்னும் நுட்பம் உதவுகிறது. செரோம் லோரன்சு 2008இல் அளித்த இந்நுட்பம், பக்கத்தின் ஒவ்வோரிடமும் மூலத்தின் எவ்வரியிலிருந்து பிறந்தது என்பதைத் தனிக்கோப்பில் குறித்து வைக்கிறது. அவ்விருப்பத்தை இயக்கி ஓட்டினால், பார்வைச் செயலியில் பிழையுள்ள சொல்லைச் சொடுக்கியவுடன் தொகுப்பி அவ்வரியைத் திறக்கும். 300 பக்க ஆய்வேட்டில் மெய்ப்புப் பார்ப்பவருக்கு இதனால் மிஞ்சும் நேரம் பெரிது. ஒரே சொல் பலவிடங்களில் வரும் பனுவலில், திருத்த வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தைத் திருத்தும் தவறும் இதனால் நேராது.

9. செயல்முறை ஒழுங்கு

மேற்கூறியவற்றைப் பின்வரும் வரிசையில் கடைப்பிடித்தல் நன்று.

முதலாவதாக, திருத்தம் தொடங்கும் முன் மூலத்தின் படி ஒன்றைக் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டில் சேமித்தல்.
இரண்டாவதாக, இயல்பாக்கமும் ஒருங்குறித் தேடல்களும் செய்தல். ஒவ்வொரு மாற்றத்தையும் கண்டு ஒப்புதல்.
மூன்றாவதாக, எழுத்திழப்பைப் பிழையாக்கும் அளவுருவை அமைத்து ஓட்டுதல். வியப்புக்குறிப் பிழைகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் களைதல்.
நான்காவதாக, மேற்கோள், நூற்பட்டியல் எச்சரிக்கைகளைத் தீர்த்தல். நூற்பட்டியல் நிரலின் செய்திகள் வேறொரு பதிவுக்கோப்பில் இருக்கும் என்பதை மறவாதிருத்தல்.
ஐந்தாவதாக, உரை முழுதும் முடிந்த பின்னரே பெட்டிச் செய்திகளைக் கவனித்தல். இடையில் ஒரு சொல் மாறினாலும் வரிகள் இடம்பெயரும்; முன் செய்த சீரமைப்பு வீணாகும்.
ஆறாவதாக, சிங்க்டெக் துணையுடன் பக்கங்களைப் படித்து மெய்ப்புத் திருத்துதல்.
இறுதியாக, சேமித்த படியோடு ஒப்பிட்டு, மாறியவை அனைத்தும் நாம் மாற்ற எண்ணியவைதாமா என்று சரிபார்த்தல்.

10. முடிவுரை

அச்சுக்கோப்பு மென்பொருள் அறிவிக்கும் பிழைகளைப் படிக்கும் திறன், அறிவிக்காத பிழைகளைத் தேடும் திறன் ஆகிய இரண்டும் இன்றைய பதிப்பாசிரியருக்கு வேண்டியன. முன்னதற்கு, வரி எண் பிழையை உணர்ந்த இடத்தையே காட்டும் என்னும் தெளிவு அடிப்படை. பின்னதற்கு, தமிழ் எழுத்தின் வடிவத்திற்கும் அதன் குறியேற்றத்திற்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் அடிப்படை. சுவடி பெயர்த்தெழுதியவர் விட்ட ஒரு புள்ளி, பின்வந்தோரிடையே பாட விவாதமாக வளர்வதைப் பதிப்பியல் அறிந்தோர் காண்கின்றனர். நாம் இன்று விடும் ஓர் எழுத்தும், மறையவிடும் ஒரு வரியும், மின்படிகளின் வழி பன்மடங்காகப் பெருகும் தன்மையுடையன. அவற்றைத் தடுக்கும் வாய்ப்பு, உரை இன்னும் நம் தொகுப்பியினுள் இருக்கும் காலத்திலேயே மிகுதி.